தாயக்கட்டையில் பிறக்கும் மனிதர்கள்

நாடக மேடையில் அரசனுக்கு வேடம் புனைய ஆள் கிடைப்பது எளிது. வாயிற்காவலனுக்கு ஆள் தேடுவதுதான் அரிது. தவக்காலத்தில் பாஸ்கா நாடகத்துக்கு ஒத்திகை பார்த்த பங்குகளில் இவ்வுண்மையை அறியாதார் இலர். பிலாத்துவாக நடிக்க நால்வர் போட்டியிடுவர். கூட்டத்தில் ஒருவனாக நின்று கூச்சலிட ஒருவரும் முன்வாரார். வடதமிழகத்துத் தெருக்கூத்தில் இக்குறையை ஒரே ஒருவன் தீர்த்து வைக்கிறான். அவன் கட்டியக்காரன். அரசன் வருகையை அறிவிப்பவன் அவனே. அடுத்த நொடியில் தூதனும் அவனே. காட்சி மாறினால் ஊரார், வேடன், வழிப்போக்கன் என யாவரும் அவனே. கதை எதை வேண்டுகிறதோ அதுவாக ஆகி, வேலை முடிந்ததும் மறைந்து விடுவான்.

இக்காலத்து இளைஞர் சிலர் இணையத்தின் வழியே ஆடும் ஒரு விளையாட்டிலும் இத்தகைய கட்டியக்காரன் ஒருவன் தேவைப்படுகிறான் என்பதைக் கேட்டபோது, அதைப் பற்றிச் சற்று ஆராய வேண்டுமென்னும் ஆவல் நமக்கு எழுந்தது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிறந்து வளர்ந்து, இன்று சென்னையிலும் கோவையிலும் கடல் கடந்த நாட்டிலும் வேலை பார்க்கும் ஐந்து நண்பர்கள், சனிக்கிழமை இரவுகளில் கணினித் திரையின் முன் கூடுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் திரையில் காண்கின்றனர். நால்வர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசுகின்றனர். ஐந்தாமவர் கதை நடத்துநர். மலையடிவாரத்தில் ஓர் ஊர், காட்டில் ஓர் ஆபத்து என்று அவர் சூழலை விரிக்க, நால்வரும் தத்தம் பாத்திரம் என்ன செய்யும் என்பதைச் சொல்ல, ஐயத்துக்கிடமான செயல்களின் முடிவைப் பகடை தீர்மானிக்க, கதை நகர்கிறது. எழுதி வைத்த நாடகம் கிடையாது; முடிவு இன்னதென்று நடத்துநருக்கே தெரியாது.

இவ்விளையாட்டு நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில், கேரி கைகாக்ஸ் என்பவரும் அவருடைய நண்பர் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-ஆம் ஆண்டில் மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. முதலில் அச்சிட்டவை 1000 படிகளே. கைகாக்ஸ் காப்பீட்டு நிறுவனமொன்றில் பணிபுரிந்து, அவ்வேலை போனபின் வீட்டின் கீழறையில் செருப்புச் செப்பனிட்டு வாழ்ந்தவர். எதற்கெடுத்தாலும் அட்டவணை போடும் அவருடைய பழக்கம் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடிய இதனை வெவ்வேறு ஊர்களிலிருந்தே ஆடுவதற்கென ‘ரோல்20’ போன்ற இணையத்தளங்கள் 2012 முதல் தோன்றின. 2020-இல் பெருந்தொற்று அடைப்பு வந்தபோது, மேசையைச் சுற்றி அமர்ந்து வந்த பலரும் திரைக்கு மாறினார்கள்.

பெற்றோர் செவிகளில் இவ்விளையாட்டின் பெயர் விழுந்தால் அச்சம் எழக்கூடும் என்பதால் ஒன்றை இங்கேயே சொல்லி விடுகிறோம். 1979-இல் மிச்சிகனில் ஒரு மாணவர் காணாமற்போனபோது இவ்விளையாட்டே காரணம் என்று செய்தித்தாள்கள் எழுதின. அவருடைய துயரத்துக்குக் காரணம் வேறு என்பது பின்னரே தெரிந்தது. அதற்குள் கதை பரவிவிட்டது. 1982-இல் தொலைக்காட்சிப் படம் ஒன்றும் வந்தது. 1980-களில் பேய் வழிபாடு என்று பிரசங்கித்தவர்கள் அந்நாட்டில் ஏராளம். இத்தகைய கதைகளுக்கெல்லாம் ஊற்றாக விளங்கும் ‘மோதிரங்களின் தலைவன்’ என்னும் பெருங்கதையை எழுதிய டோல்கீன், தினந்தோறும் செபமாலை கையிலெடுக்கத் தகுந்த கத்தோலிக்கர் என்பதை அப்பிரசங்கிகள் அறியார் போலும். மணிக்கணக்கில் திரை முன் அமர்ந்து உறக்கத்தைக் கெடுத்துக் கொள்வது வேறு விஷயம். அதற்குப் பெற்றோர் கண்டிப்பது நியாயமே.

நிற்க. நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம்.

நால்வர் ஏற்ற பாத்திரங்கள் நான்கு. ஆனால் அவர்கள் நுழையும் ஊரில் நானூறு பேர் இருக்க வேண்டுமே! டீக்கடைக்காரர் யார்? கிணற்றடியில் நிற்கும் மூதாட்டி யார்? ஆட்டக்காரர் எவரும் ஏற்காத இம்மாந்தர் அனைவரையும் கதை நடத்துநரே ஏற்றுப் பேச வேண்டும். நால்வரில் ஒருவன் திடீரென்று, “அந்தக் கடைக்காரர் பேரென்ன அண்ணாச்சி? அவரிடம் வழி கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டால், ஒரு நொடிக்குள் ஒரு மனிதரைப் படைத்தாக வேண்டும். அவசரத்தில் படைக்கப்படும் மனிதர் எப்படியிருப்பார்? முதல் கடைக்காரர் முருகன், இரண்டாம் கடைக்காரரும் முருகன், இருவரும் சிடுசிடுப்பானவர்கள். மூன்றாம் வாரத்தில் ஊர் முழுவதும் ஒரே ஆளாகிவிடும்.

இதற்காகத்தான் அட்டவணைகள் பிறந்தன. பகடையை உருட்டு, வந்த எண்ணுக்கு நேரே உள்ளதை எடுத்துக்கொள். 1979-இல் வெளியான கைகாக்ஸின் நடத்துநர் கையேட்டில் இத்தகைய மாந்தருக்கென்றே பல அட்டவணைகள் உள்ளன. தோற்றம், மனநிலை, நேர்மை, துணிவு, சிக்கனம், ஒழுக்கம், ஏன், பக்திக்குக்கூடத் தனி அட்டவணை உண்டு! நகரத்துத் தெருவில் எதிர்ப்படும் பரத்தையரை வகைப்படுத்தவும் அந்நூலில் ஓர் அட்டவணை இருப்பதை நாம் மறைப்பதற்கில்லை. அட்டவணையை எழுதியவர் தம் ஊரில் எவரையெல்லாம் கண்டார், எவரை எப்படிக் கண்டார் என்பதும் அட்டவணையில் ஏறிவிடுகிறது. இதைப் பின்னர் பார்ப்போம்.

1974-ஆம் ஆண்டின் முதல் நூல்களிலேயே நமக்கு மிகவும் பிடித்த ஒரு விதி உண்டு. எதிர்ப்படுபவர் நண்பரா பகைவரா என்பதை இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை காட்டும். 2 முதல் 5 வரை விழுந்தால் பகை. 9 முதல் 12 வரை விழுந்தால் நட்பு. 6, 7, 8 என்றால் இன்னும் முடிவு செய்யவில்லை. இரு பகடைகள் விழும் 36 வகைகளில் பகைக்கு 10, நட்புக்கு 10, தயக்கத்துக்கு 16. ஆகவே வழியில் காணும் முன்பின் அறியாதவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் நம்மைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதவர்கள். நாம் பேசும் முதற்சொல்லே அவர்களை ஒரு பக்கம் சாய்க்கும். பேருந்தில் அருகில் அமர்பவரைக் குறித்து இந்தக் கணக்கு எவ்வளவு பொருத்தம்!

பகடை இரண்டோ மூன்றோ சேரும்போது நடு எண்கள் மிகுதியாகவும் ஓர எண்கள் அரிதாகவும் வரும். மூன்று பகடைகளில் 216 வகை உண்டு. 3 என்னும் எண் ஒரே வகையில்தான் விழும். 10 விழுவதற்கு 27 வகைகள். இது ஒன்றைப் புரிந்துகொண்டால் அட்டவணை எழுதும் கலையில் பாதி கைவந்தது. ஊரில் எவர் மிகுதியோ அவரை நடுவில் வை. எவர் அரியரோ அவரை ஓரத்தில் வை.

இதற்கு வெளிநாட்டுப் பகடையும் வேண்டியதில்லை. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் தாயக்கட்டை போதும். ஊருக்கு ஊர் வழக்கு சற்று மாறினும், பித்தளைக் கட்டை ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். இரண்டும் வெறுமையாய் விழுந்தால் 12. எல்லாம் சேர்த்து 16 வகைகள். அவற்றுள் 3 விழ 4 வழி, 2 விழவும் 4 விழவும் மும்மூன்று வழி, தாயம் என்னும் 1 விழவும் 5 விழவும் இரண்டிரண்டு, 6-க்கு ஒன்று, 12-க்கு ஒன்று. தாயம் விழாமல் காய் இறங்காதென்று பாட்டிமார் பெருமூச்செறிந்ததன் கணக்கு, எட்டில் ஒரு பங்கு என்பதே.

மேற்சொன்ன நண்பர்கள் வைத்திருந்த ஆங்கில அட்டவணைகளில் சத்திரக்காரன், கொல்லன், மதுக்கடைப் பெண், கோட்டைக் காவலன் என்று ஐரோப்பிய இடைக்காலத்து மாந்தரே நிறைந்திருந்தனர். அவர்களுடைய கதையோ மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நடப்பது. விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, தாயக்கட்டைக்கு ஏற்ற ஏழு வரி அட்டவணை ஒன்றைச் செய்துபார்க்கலாமே என்றோம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சாலையில் எதிர்ப்படக்கூடியவர் யார்?

நடுவான 3-இல் நூற்பாலைத் தொழிலாளியை வைத்தோம். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய நாள் முதல் அவ்வூரின் பொழுதை ஆலைச் சங்கே அளந்து வந்திருக்கிறது; இரவு முறைமாற்றம் முடிந்து வருபவரை அச்சாலையில் எவரும் சந்திக்கலாம். 2-இல் சத்திரப்பட்டிப் பக்கத்தில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிக்காரர். 4-இல் மலையடிவாரத் தோப்புக் காவலர். தாயத்தில் பால்கோவா கிண்டுபவர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு அடுப்பருகில் நின்று கை ஓயாமல் துடுப்புப் போடுபவரின் முகம் மற்றவர் முகம் போலிராது. 5-இல் பேருந்து நடத்துநர். 6-இல் ராஜபாளையம் நாய் வளர்ப்பவர். 12-இல் செண்பகத்தோப்பு வனக்காவலர். சாம்பல் நிற மலை அணில்களுக்கென 1988-இல் சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துள் சேர்ந்த அக்காட்டை அவரைப்போல் அறிந்தவர் வேறெவர்?

தொழில் மட்டும் போதாது. தொழில் என்பது சட்டை. உள்ளே ஆள் வேண்டும். ஆகையால் இரண்டாம் அட்டவணை, இம்மனிதர் இந்நொடியில் எதை விரும்புகிறார் என்பது: கடைசிப் பேருந்தைப் பிடிக்க, மகள் திருமணத்துக்குக் கடன் கேட்க, யாரிடமாவது மனம் விட்டுப் பேச, இப்படி. மூன்றாம் அட்டவணை, அவருக்கு அல்லது அவரைச் சார்ந்தவருக்கு உள்ள ஒரு குறை. மூன்று முறை உருட்டினால் ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார். அதற்கு மேல் உருட்டிக் கொண்டேயிருப்பவர்களும் உண்டு. பதினைந்து அட்டவணைகளில் உருட்டி அங்க அடையாளம் முழுவதும் எழுதி முடிப்பதற்குள், வழி கேட்டவன் தூங்கிவிடுவான்.

முரண்படும் எண்கள் விழும்போதுதான் சுவை மிகும். ஒருநாள் தொழிலுக்கு 6 விழுந்தது, நாய் வளர்ப்பவர். விருப்பத்துக்கு, பேச்சுத் துணை. குறைக்கோ, செவிடு. பேச விரும்பும் செவிடர்! நடத்துநர் ஒரு கணம் விழித்தார். பின்னர், “காது கேளாதது அவருக்கு இல்லை, அவருடைய நாய்க்கு” என்றார். இது வெறும் சாமர்த்தியமன்று, உண்மையும்கூட. 2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற அந்த வெண்ணிற ராஜபாளையம் இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்போர் அறிந்த செய்தி. அவர்கள் கதையில் வந்த காட்டு மோகினியின் பாட்டைக் கேட்டவர் எவரும் உறங்கிவிடுவர். நால்வரும் உறங்கினர், நாய்க்காரரும் உறங்கினார். நாய் மட்டும் உறங்கவில்லை. அது வேட்டியைக் கடித்து இழுத்து அவர்களை ஒவ்வொருவராக எழுப்பிய காட்சியை, கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த நடத்துநரின் பாட்டனாரே கைதட்டி ரசித்தாராம். எவரும் திட்டமிட்டு எழுதியிருக்க முடியாத திருப்பம் அது.

தற்செயலுக்கு இப்படியொரு நன்மை உண்டு. நம் மனம் தானாகப் போகாத இடத்துக்கு அது நம்மை இட்டுச் செல்லும். மனிதர்கள் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பத்தாம் நூற்றாண்டிலேயே, தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறையைக் கூறுகின்றன. யூதாசின் இடத்துக்கு மத்தியா தேர்ந்துகொள்ளப்பட்டதும் சீட்டினாலேயே என்பதைத் திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆனால் இரண்டிலும், குடத்துக்குள் எந்தெந்தப் பெயர்கள் போகலாம் என்பதை மனிதர்களே முன்கூட்டி வகுத்தார்கள். உத்திரமேரூர்க் குடத்தில் நிலமில்லாதவன் பெயர் கிடையாது. பெண் பெயரும் கிடையாது. சிறுவன் எவ்வளவு கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் குடத்தில் இல்லாத ஓலை கையில் வராது.

நண்பர்கள் முதலில் எழுதி வந்த இருபது பேர் பட்டியலை வாங்கிப் பார்த்தோம். பதினேழு பேர் ஆடவர். எஞ்சிய மூவர் ஓர் அம்மா, ஒரு பாட்டி, ஒரு மந்திரக்காரி. “உங்கள் ஊர் ஆலையிலும் தறியிலும் வேலைக்குப் போகும் பெண்களை இரவு ஆட்டத்தின்போது யார் ஒளித்து வைக்கிறார்கள்?” என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே திருத்தினார்கள். தொழிலுக்கு ஒரு முறை, ஆணா பெண்ணா என்பதற்குத் தனியே ஒரு முறை உருட்டுவதென்று ஆயிற்று. அதன்பின் முதலில் வந்த வனக்காவலர் ஒரு பெண்மணி.

பெயர்ப் பட்டியலில் சங்கதி அவ்வளவு எளிதாக இல்லை. நம் நாட்டில் பெயரின் பின்னொட்டு ஒன்றே போதும், தெருவைச் சொல்லிவிடும். சிலவிடங்களில் முதற்பெயரே சொல்லிவிடும். பெயருக்குத் தனி அட்டவணை, தொழிலுக்குத் தனி அட்டவணை என்று உருட்டியபோது, ஒரு பெயரும் ஒரு தொழிலும் வந்து சேர்ந்தன. எவையென்று இங்கே எழுதப் போவதில்லை.

“இந்தப் பேர்க்காரர் அந்த வேலைக்கு வரமாட்டாரே, ஃபாதர். மறுபடி உருட்டுகிறோம்” என்றான் ஒருவன்.

“ஏன் வரமாட்டார்?” என்றோம்.

சற்று நேரம் எவரும் பேசவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மற்றொருவன், “அங்கே என் அறைத்தோழன் என் முழுப் பெயரைத்தான் முதல் நாளில் கேட்டான்” என்றான், வேறு விளக்கம் தராமல். மறுபடி உருட்டவில்லை. அந்த மனிதர் அந்தப் பெயரோடும் அந்தத் தொழிலோடும் அவர்கள் கதையில் இன்னும் இருக்கிறார். அவர் எப்படி அவ்வேலைக்கு வந்தார் என்னும் கிளைக்கதை மட்டும் இரண்டு சனிக்கிழமைகள் நடந்ததாகக் கேள்வி.

நொண்டி என்றால் வஞ்சகன், ஒற்றைக் கண் என்றால் கொள்ளைக்காரன், கறுப்பு நிறம் என்றால் அடியாள் என்று திரைப்படம் நமக்குக் கற்றுத்தந்த இணைப்புகளையும் கட்டை இரக்கமின்றி அறுக்கிறது. குறையையும் குணத்தையும் தனித்தனியே உருட்டினால், ஒற்றைக் கண்ணரே பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுபவராக வந்து நிற்பார். ஆனால் குணத்தின் அட்டவணையில் ஏழு வரிகளிலும் தீய குணமே எழுதி வைத்தால் கட்டை என்ன செய்யும்? இன்னொன்றும் சொன்னோம்: அட்டவணையில் தெருவில் உள்ள உண்மையான ஆளின் அங்க அடையாளத்தை எழுதாதீர்கள். விளையாட்டில் சிரித்தது வீதியில் வம்பாக வந்து நிற்கும்.

இப்போது செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் நொடியில் நூறு மனிதரை வரலாற்றோடு எழுதித் தருகிறதே, கட்டை எதற்கு என்று வினவலாம். நாமும் பார்த்தோம். மொழி வழுவின்றி வருகிறது. ஆயின் தமிழ்நாட்டுக் கிராமத்தவர் ஒருவரைக் கேட்டால், பெரும்பாலும் ஞானம் நிறைந்த வெண்தாடிப் பெரியவரே வந்து சேர்கிறார். நம் ஊர்ப் பெரியவர்களுள் தாடி வைத்தவர் எத்தனை பேர்?

ஒரு துணைப்பாத்திரத்துக்கு எவ்வளவு விவரம் போதும் என்பதற்கு நாம் அவர்களுக்குக் காட்டிய மாதிரி, மாற்கு நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் ஒரே வசனம். சிலுவையைச் சுமக்கப் படைவீரர் ஒரு வழிப்போக்கரைப் பிடிக்கிறார்கள். பெயர் சீமோன், ஊர் சிரேன், நாட்டுப்புறத்திலிருந்து அப்போதுதான் வந்துகொண்டிருந்தார், அலெக்சாந்தர், ரூபு என்று இரண்டு பிள்ளைகள். அவ்வளவே. அவர் என்ன நினைத்தார், உயரம் என்ன, நல்லவரா என்று ஒரு சொல் இல்லை. அவர் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தவர் என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது. அதுவே அவரை உயிருள்ளவராக்கி விடுகிறது. யோவானும் தலைமைக் குருவின் பணியாளனுக்கு மால்கு என்னும் பெயரையும், வெட்டுண்டது வலக்காது என்பதையும் எழுதிவைத்தார். பெயரில்லாமல் விட்டவர்களை மக்கள் விடவில்லை. ஈட்டியால் குத்திய வீரனுக்கு லொங்கினுஸ் என்றும், வலப்பக்கத்துக் கள்வனுக்குத் திஸ்மாஸ் என்றும் பிற்காலத்தார் பெயரிட்டு, அவர்களுக்கு முழு வாழ்க்கையையே எழுதினார்கள்.

இதைச் சொன்னபின் நண்பர்கள் தம் இரண்டாம் அட்டவணையை மாற்றிக்கொண்டார்கள். ‘எதை விரும்புகிறார்’ என்றிருந்தது இப்போது ‘எங்கே போய்க்கொண்டிருந்தார்’ என்றாயிற்று. பயன் உடனே தெரிந்தது. ஆலையிலிருந்து வருபவர் பால்கோவாப் பொட்டலத்தோடு தங்கை வீட்டுக்குப் போகிறவராக வந்தார். அவரை நிறுத்தி வழி கேட்பதற்கே நால்வரும் சற்றுக் கூச்சப்பட்டார்களாம். ஒரு முறை வந்து போனவர்களின் பெயரையும் செய்தியையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் குறித்து வைக்கிறார்கள். அடுத்த சந்திப்பில் அதே நடத்துநர் அதே பேருந்தில் வந்தால், சென்ற மாதம் சில்லறை பாக்கி வைத்ததை அவர் மறந்திருக்கலாகாது அல்லவா?

வீட்டில் பித்தளைக் கட்டை இல்லாதவர்கள் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தரையில் தேய்த்துக்கொள்ளலாம். ஆறு கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, மேல்நோக்கிய வெள்ளையை எண்ண வேண்டும், ஒன்றுமில்லாவிடில் 12. ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் கொள்க. கட்டையில் 12 என்பது 16 முறைக்கு ஒருமுறை. கொட்டையிலோ, இரு பக்கமும் சமமாக விழுவதாகக் கொண்டால், 64 முறைக்கு ஒருமுறை. வனக்காவலரைச் சந்திக்க நான்கு மடங்கு காத்திருக்க வேண்டியிருக்கும். பொறுமையில்லாதவர்கள் அவரை 5-க்கு மாற்றிவிட்டுப் பேருந்து நடத்துநரை 12-இல் வைக்கலாம். மாலை ஏழு மணிக்குமேல் நம் பக்கத்துச் சிற்றூர்களில் அதுவே உண்மை நிலைக்குச் சற்று நெருக்கமாகவும் இருக்கும்.